முதல் பெஞ்சு, சுவர் ஓரம்

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் விடியற்காலையில் எங்கள் மித் கம்ர் ஊரில் தூங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒன்று பிள்ளை இல்லாதவர்கள், இல்லாவிட்டால் பிள்ளை எந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்கென்ன என்றிருக்கும் அப்பன்மார்கள். மற்ற எல்லோரும் பள்ளிக்கூட வாசலில் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் தூங்கத்தான் நினைத்திருந்தேன். என் மகன் கிரோலோஸுக்கு நான் முதல் பெஞ்சைப் பிடித்துக் கொடுத்தால், அடுத்த நாளே அதை எவனுக்காவது ஒரு ஃபலாஃபில் ரொட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வருவான். அவனுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

கெடுத்தவள் எதிர்வீட்டு இன்ஸாஃப். பாங்கு சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கதவை இடிக்கத் தொடங்கிவிட்டாள். திறந்தால், தொழுகைத் துணியைத் தலையிலிருந்து எடுக்காமலே நிற்கிறாள், செருப்பு இரண்டும் இரண்டு ஜோடி.

"கெளம்புடி சமீஹா. நீ ஒல்லி. சுவர் ஏறணும்னா எனக்கு நீதான் வேணும்."

"உன் புருஷன் எங்க போனாரு?"

"ஹம்தியா? அவரை எழுப்பறதுக்குப் பள்ளிக்கூடத்தையே இங்க தூக்கிட்டு வந்துடலாம்."

அது உண்மைதான். ஹம்தி அலுமினியப் பட்டறையில் நாள் முழுக்கச் சட்டி தட்டுகிறவர். படுத்தால் பிணம். அதனால் நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, பையில் நாலு கொய்யாப்பழத்தைப் போட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டே அவள் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியாது. ஏனென்றால் அந்த பெஞ்சு விஷயம் என்னவென்று அவள் வீட்டுக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்ஸாஃபுக்கு ஒரே பெண், ரிஹாம். நாலாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தபோது வலது காதையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அந்தக் காதில் இடி இடித்தாலும் கேட்காது. இடது காது நன்றாகவே கேட்கும். ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதுமா? "அரைக்காது" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு முடிகிறவரை அந்தப் பெண்ணை யாரும் ரிஹாம் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாத்தியாரே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டாராம்.

இந்த வருடம் நடுநிலைப் பள்ளி. பழைய பிள்ளைகள் ஒருத்தரும் வராத இடமாகப் பார்த்து, இன்ஸாஃப் அலையாய் அலைந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் பெண்கள் பள்ளியில் இடம் வாங்கினாள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். கோடை முழுக்கப் பால்கனியில் உட்காரவைத்து மகளுக்குப் பாடம் நடத்தினாள். சந்து குறுகல் என்பதால் எனக்கு எல்லாமே கேட்கும். வலப்பக்கம் யாராவது பேசினால் பதறாமல் மெல்லத் திரும்ப வேண்டும். காதில் விழவில்லையென்றால் வேறேதோ நினைப்பில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்தால் நீயும் சிரி. இந்தக் கடைசிப் பாடத்தைக் கேட்டபோது காயப்போட எடுத்த ஈரத்துணியை ஓங்கி உதறினேன்.

வாயை அடக்க முடியாமல் ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன். மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியத்துக்கு இத்தனை நாடகம் எதற்கு?

"மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா கிளாசுக்குத் தெரியும். கிளாசுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். அப்புறம் இவளை எவன் வந்து பொண்ணு கேப்பான்? நீ உன் மகனுக்குக் கட்டிப்பியா?" என்றாள்.

"என் மகனுக்கு ரெண்டு காதும் இருக்கு. ஒண்ணுத்துலயும் நான் சொல்றது ஏறல. அவனை எவ கட்டிப்பா, அதைச் சொல்லு முதல்ல."

அவள் சிரிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஆகக்கூடி எல்லாம் ஒரே ஓர் இடத்தில் வந்து நின்றது. முதல் பெஞ்சு, வலதுகைச் சுவர் ஓரம். அங்கே உட்கார்ந்தால் கேட்காத காது சுவரைப் பார்த்துக் கிடக்கும்; மிஸ், வகுப்பு, பக்கத்தில் உட்காருகிறவள் எல்லோரும் நல்ல காதின் பக்கம். அந்த இடம் கிடைத்தால் ரிஹாம் வருடம் முழுக்க யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம். கிடைக்காவிட்டால், எள் போட்டால் எள் விழாத அந்த வகுப்பில் எங்காவது பின்னால் தள்ளப்பட்டு, பாடமும் கேட்காது, பெயரும் கெட்டுவிடும். மறுபடியும் அரைக்காது.

ரிஹாமுக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து நூலாக்கிவிட்டாள். ஜூலையில் நான் தைத்துக் கொடுத்த பாவாடை செப்டம்பருக்குள் முழங்காலுக்கு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வந்தாள். மடிப்பைப் பிரித்து இறக்கினேன். போதவில்லை, திரும்பவும் இறக்கினேன். அளவு பார்க்கும்போது என் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சித்தி, எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கறேன்னு வை. எதுக்குடி சிரிச்சேன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

வாயில் குண்டூசி இருந்ததால் தப்பித்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஏற்கெனவே பாதி ஊர் நின்றது. ஒருத்தி போர்வையோடு வந்திருந்தாள். இன்னொருத்தி, ஆடுகிற பெஞ்சைச் சரிசெய்வதற்குச் சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்திருந்தாள்; அவளைப் பார்த்து எனக்கு மரியாதையே வந்துவிட்டது. கம்பிக் கதவுக்கு உள்ளே காவலாளி ஷஹாத்தா, சாவி ஹெட்மாஸ்டரம்மாவிடம் இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். அந்தச் சாவி அவர் இடுப்பில் தொங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் மதாம் நாஹித் நின்றாள், மருந்துக்கடைக்காரர் மனைவி. நல்ல தோல்பை, இஸ்திரி போட்ட உடை, பார்வை மட்டும் எங்களைப் போலவே பசித்த பார்வை.

இரண்டு ஆண்கள் சுவர் ஏறுவதை இன்ஸாஃப் பார்த்துவிட்டாள். "ஏறுடி" என்று என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். என் வயசுக்கு இதெல்லாம் தேவையா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சுவர்மேல் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது என் கலாபியா அங்கி கம்பியில் மாட்டி, முழங்காலிலிருந்து கீழே கிழிந்தது. நான் உள்ளே தரையில் கால் வைத்த அதே நேரம் ஷஹாத்தா கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அந்த மனுஷனுக்கு நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் பாவம், அதற்கும் பழகிப்போனவர்.

மாடிப்படியில் இடித்துப் பிடித்து ஏறினோம். ரிஹாமின் வகுப்பு எதுவென்று முந்தின நாளே இன்ஸாஃப் வந்து விசாரித்து வைத்திருந்தாள். முதலில் உள்ளே நுழைந்தவள் நான்தான். சுவரோர இடத்தில் போட என்னிடம் வேறொன்றும் இல்லாததால் செருப்பைக் கழற்றி வைத்தேன். அதே நொடியில் அதன்மேல் நாஹித்தின் தோல்பை வந்து விழுந்தது. பின்னாலேயே வந்த இன்ஸாஃப் பையைப் பிடித்து இழுத்தாள். நாஹித் விடவில்லை. வார் அறுந்தது.

"ஒரு பெஞ்சுல மூணு பேர் உக்காரலாம். உங்க பொண்ணு நடுவுல உக்காரட்டுமே" என்றாள் நாஹித். என் செருப்பை விரல்நுனியில் தூக்கிக் கீழே போட்டாள். தன் மகள் லுஜைன் ரொம்பக் குள்ளம் என்றும், நடுவில் போட்டால் நசுங்கிவிடுவாள், வழியோரம் போட்டால் தள்ளிவிட்டுவிடுவார்கள், சுவரோரம்தான் அவளுக்குப் பாதுகாப்பு என்றும் சொன்னாள். நியாயமான காரணம். "உங்க பொண்ணுக்கு மட்டும் சுவத்துல என்ன வச்சிருக்கு?"

இன்ஸாஃப் வாயைத் திறந்தாள், மூடினாள். இருக்கிற ஒரே பதில் அவள் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது. நான் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், உயிரே போய்விட்டது.

"எனக்குச் சுவர் ஓரம்தான் வேணும். காரணமெல்லாம் கிடையாது" என்றாள் இன்ஸாஃப். அப்படியே அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தால் அசைக்க ஆள் வேண்டும். நாஹித் வேறு வழியில்லாமல் நடுவில் உட்கார்ந்தாள். நான் வழியோரம் காவல் இருந்தேன். வெயில் ஏறும்வரை மூன்று பேரும் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். நான் கொய்யாப்பழம் நீட்டினேன். இன்ஸாஃப் வேண்டாமென்றாள். நாஹித் வாங்கிக்கொண்டாள். கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

கீழே வரிசையில் நின்று தேசிய கீதம் பாடி முடித்துப் பெண்பிள்ளைகள் மேலே வந்தார்கள். ரிஹாம் வாசலில் வந்து நின்றவள் எங்களைப் பார்த்தாள். கலைந்த முக்காட்டோடு பெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும் அம்மா, கிழிந்த துணியோடு நான். அவள் முகம் செத்துப்போயிற்று. இன்ஸாஃப் எழுந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரோரம் உட்காரவைத்தாள். அவள் பக்கத்தில் லுஜைன் வந்து ஏறி உட்கார்ந்தாள். ஏறி என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு குள்ளம். உள்ளே வரும்போதே யாருடனோ பேசிக்கொண்டே வந்தது அந்தப் பெண்.

"எல்லாம் முடிஞ்சுது" என்று இன்ஸாஃப் என் காதில் சொன்னாள்.

எங்கே முடிந்தது? மிஸ் இப்திஸாம் வந்தாள். அரபிப் பாடம், கையில் பிரம்பு, குரல் அந்தப் பிரம்பைவிட மோசம். அம்மாக்கள் எல்லோரையும் வெளியே விரட்டினாள். நாங்கள் வராந்தாவில் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். மிஸ் எங்களைப் பார்த்துக்கொண்டே, சுவர் ஏறிக் குதித்துப் பிடித்த பெஞ்செல்லாம் தன் வகுப்பில் செல்லாது என்றாள். எல்லோரும் எழுந்து உயர வரிசையில் நிற்க வேண்டும். குள்ளம் முன்னால், உயரம் பின்னால்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாவாடையை இரண்டு முறை இறக்கியவள் நான்; அந்த வீட்டில் நாளும் பொழுதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இன்ஸாஃப். ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. வரிசையில் நின்றபோது ரிஹாமின் தலை மற்றவர்களுக்கு மேலே தனியாகத் தெரிந்தது. மிஸ் பிரம்பை நீட்டிக் காட்டினாள். கடைசி பெஞ்சு. அதுவும் வராந்தா ஜன்னலோரம்.

எதற்காக இத்தனை பாடுபட்டோமோ அதற்கு நேர்மாறான மூலை அது. கேட்காத காது மொத்த வகுப்பின் பக்கம். கேட்கிற காது எங்கள் பக்கம். இன்ஸாஃப் கம்பிக்குள் முகத்தை நுழைத்து, ஒன்றும் சொல்லிவிடாதே, சாயங்காலத்துக்குள் ஏதாவது செய்கிறேன், சிரித்தால் சிரி என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அந்த வகுப்பில் ரிஹாமுக்குக் கேட்டது அவள் அம்மாவின் குரல் ஒன்றுதான்.

மிஸ் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து உட்கார்ந்தார்கள். "ரிஹாம் ஹம்தி" என்றாள். ரிஹாம் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நடு பெஞ்சில் ஒருத்தி, பெயரையே மறந்துட்டா போல என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தம் எப்படியோ ரிஹாமுக்கு எட்டியது. அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸாஃபை அடிக்கக் கை பரபரத்தது.

மிஸ் மேஜையில் பிரம்பால் ஒரு போடு போட்டாள். பின்னால் நடந்து வந்தாள். "ஏ நெட்டை, உன் பேரைத்தான் கூப்பிடறேன். அதுல என்ன சிரிப்பு உனக்கு?"

ரிஹாமின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. இறக்கத் தெரியவில்லை அவளுக்கு. இன்ஸாஃப் ஜன்னலிலிருந்து, அவளுக்குக் காய்ச்சல் மிஸ், ராத்திரி தூங்கவில்லை மிஸ் என்று தொடங்கினாள். ரிஹாம் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. எழுந்து நின்றாள். கையைத் தூக்கினாள், மிஸ் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே.

"எனக்கு வலது காது கேக்காது, மிஸ். இங்க உக்காந்தா நீங்க பேசறது ஒண்ணும் கேக்கல. முதல் பெஞ்சுல சுவர் ஓரம் உக்காந்தாத்தான் கேக்கும்."

வகுப்பு அடங்கிவிட்டது. எங்கோ ஒரு மூலையில் மட்டும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மிஸ் அந்தப் பக்கம் பார்த்ததும் அதுவும் நின்றது. மிஸ்ஸின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றது. இவ்வளவு நேரம் இதைச் சொல்லாமல் ஏன் இருந்தாய், மறைக்கச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டாள்.

ஜன்னலில் என் பக்கத்தில் இன்ஸாஃப் கம்பியிலிருந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல, மிஸ். எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு" என்றாள் ரிஹாம்.

மிஸ் அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சுவரோரம் இருந்த பெண்ணை எழுப்பி வேறிடம் அனுப்பினாள். குள்ளத்தில் முதலாவதான லுஜைன் ஏற்கெனவே அந்த பெஞ்சில் நடுவில்தான் இருந்தாள். ரிஹாம் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இன்ஸாஃப் வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாஹித் குனிந்து அவளைப் பார்த்தாள். அறுந்த வாரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இதை விடியக்காலையிலயே என்கிட்ட சொல்லியிருந்தா நானே எழுந்து எடம் விட்டிருப்பேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என் பையும் பொழச்சிருக்கும்" என்றாள். அப்புறம் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். நானும் நாஹித்தும் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இன்ஸாஃப் என்மேல் எரிந்து விழுந்தாள். நீதான் அவளுக்கு ஏற்றிவிட்டாயா, நீதான் சொல்லச் சொன்னாயா என்று நடுத்தெருவில் கேட்டாள். நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருப்பேன் என்றேன். வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை. படிக்கட்டைக் கழுவினாள். காய்ந்ததும் மறுபடியும் கழுவினாள். அடுப்பில் வெங்காயத்தைக் கருக்கினாள். பள்ளிக்கூடம் விட்டிருக்குமா, விட்டிருக்குமா என்று சந்துக்குக் குறுக்கே என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைத் திட்டிக்கொண்டே நானும் தைக்க வேண்டிய துணியைத் தப்பாக வெட்டினேன்.

மதியத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ரிஹாம் சந்துக்குள் வந்தாள். நான் பால்கனியிலிருந்து இறங்கி ஓடினேன். இன்ஸாஃப் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள். அணைப்பதா அறைவதா என்று அவளுக்கே தெரியவில்லை போலும். ரிஹாம் பையைக் கழற்றிப் படிக்கட்டில் போட்டுவிட்டு, இடது காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"அந்த லுஜைன் வாயே மூடலம்மா. காலைல ஆரம்பிச்சது. இருக்கற ஒரு காதும் போயிடும் போலிருக்கு."

இன்ஸாஃப் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"யாராவது சிரிச்சாங்களாடி?"

"சிரிச்சாங்க. அப்புறம் கணக்கு கிளாஸ்ல எல்லாருமே சிரிச்சாங்க. எனக்குக் கேக்கல. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு லுஜைனைக் கேட்டேன். அவ சொன்னா." ரிஹாம் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "அதுக்கப்புறம்தான் நான் சிரிச்சேன்."